லாசாலில் ஒரு கண்ணாடிப் புடையன்

காலை ஏழரை மணிக்குத் தேவதாசன் தம் வீட்டின் பின்படியில் வந்து அமர்வார். ஒரு கையில் பால் விடாத தேநீர்; மறு கையில் கைப்பேசி. நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை அவர் மூக்குக்கு இறக்கிவிட்டால், அவருடைய அலுவலகம் திறந்துவிட்டது என்று பொருள். மொன்ட்ரியாலின் லாசாலில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நூற்றெண்பது பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்டுவைத்த கேள்விகளை ஒன்றுவிடாமல் படித்து, ஒன்றுவிடாமல் பதில் எழுதிய பிறகே அவர் எழுந்து முகம் கழுவுவார்.

இருபத்தேழு ஆண்டுகள் பாண் என்னும் ரொட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் தேவதாசன். ஆனால் அவரிடம் வரும் கேள்விகள் பாணைப் பற்றியவை அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல், என்ன மருந்து கொடுக்கலாம்? குளிர்கால டயரை எப்போது கழற்றலாம்? குடியுரிமைப் படிவத்தின் ஏழாம் பக்கத்தில் என்ன எழுதுவது? எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. தெரிந்ததைச் சொல்வார், தெரியாததையும் அதே குரலில் சொல்வார். இரண்டுக்கும் இடையே வேறுபாடு கேட்பவருக்குத் தெரியாது. நாளடைவில் அவருக்கும் தெரியாமல் போயிற்று. "விளக்கம் அண்ணை" என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. ஒருமுறை அவர் சொன்ன வழியை நம்பிய அருமைராசா, மூடிக் கிடந்த பாலத்தடியில் குடும்பத்தோடு காத்துக் கிடந்து, லவாலில் நடந்த திருமணத்துக்குக் கேக் வெட்டி முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். தேவதாசனும் சிரித்தார். யாருக்கும் பெரிய இழப்பு இல்லை. ஆகவே அந்தப் பழக்கம் தன் உண்மையான விலையைக் காட்டாமலே வளர்ந்தது.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அந்த விலை தெரியவந்தது.

அன்று கத்தரிக் கன்றுகள் நடுவதற்காக, வேலியோரம் கிடந்த தட்டைக் கற்களை அவர் அகற்றிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் சர்மிளாவின் முற்றம். தனியாக வாழும் அந்தப் பெண், அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கார்தெரி நடத்திவந்தாள். பெற்றோர் வேலைக்குப் போயிருக்கும் வேளையில் ஆறு சிறு பிள்ளைகள் அவளிடம் வளர்ந்தன. திறந்திருந்த ஜன்னல் வழியாக, அவள் தாளம் தட்ட, அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாட்டொன்றைத் தலைக்கொரு சுருதியில் பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

மூன்றாவது கல்லைப் புரட்டினார். அடியில் சுருண்டு கிடந்தது அது. ஒன்றரை முழ நீளம், பெருவிரல் பருமன். சாம்பல் நிற உடலில், கருங்கரை கட்டிய செம்பழுப்புப் புள்ளிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. வெளிச்சம் பட்டதும் தலையைத் தூக்கி, வாலைப் படபடவென்று உதறியது. போன ஆண்டின் மேப்பிள் சருகுகளில் அந்த வால் பட்டு, கிர்ரென்று ஓர் ஓசை எழுந்தது.

தேவதாசன் இரண்டு எட்டு பின்னால் தாவினார். மன்னாரில் அவருடைய சித்தப்பாவைப் புடையன் தீண்டியபோது அவருக்குப் பதினாறு வயது. மூன்று நாள் கட்டிலின் தலைமாட்டில் நின்று பார்த்தவர். அந்த அச்சம் உண்மையானது. அதை யாரும் குறைசொல்ல முடியாது.

"ஐயோ மாதாவே! புடையன்! கண்ணாடிப் புடையன்!"

அவர் போட்ட சத்தத்தில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்த ஸ்நேகா வெளிப்படிக்கட்டு அதிர இறங்கி ஓடிவந்தாள். சென்னையிலிருந்து வந்து ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். அன்று வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள்.

"அங்கிள், தள்ளி நில்லுங்க! கடிச்சிருச்சா?"

"இல்லைப் பிள்ளை. கிட்ட வராதை. இது கண்ணாடிப் புடையன்."

"நாங்க கண்ணாடி விரியன்னு சொல்வோமே, அதுவா? அது எப்படி அங்கிள் இங்க வரும்? ஆறு மாசம் ஐஸ்ல கிடக்கிற ஊரு இது."

அது நல்ல கேள்வி. அந்த நல்ல கேள்விக்குத் தேவதாசனிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாமல் நிற்கும் வழக்கமும் அவரிடம் இல்லை.

"கப்பல்ல சாமான் பெட்டிக்குள்ளை வந்திருக்கும். இல்லாட்டி ஆரோ வளத்து விட்டிருப்பினம். நான் பாக்காத புடையனே, பிள்ளை? புள்ளியைப் பார்."

"சரி, ஒரு நிமிஷம் இருங்க, போட்டோ எடுத்துக்கறேன். அடிச்சிடாதீங்க. யாராவது பாம்பு தெரிஞ்சவங்களைக் கூப்பிடலாம்."

ஸ்நேகா மூன்று படங்கள் எடுத்தாள். நான்காவது படத்துக்கு அவள் கையைத் தூக்குவதற்குள், சுவரில் சாய்த்திருந்த பனி அள்ளும் சவளைத் தேவதாசன் எடுத்துவிட்டார். இரண்டு அடி. வால் மட்டும் சிறிது நேரம் சருகுக்குள் துடித்தது. பிறகு அதுவும் அடங்கியது.

அவளிடமிருந்து படங்களை வாங்கி அவர் குழுவில் இட்டார். "இண்டைக்குக் காலமை எங்கடை வளவிலை அடிச்ச கண்ணாடிப் புடையன். எல்லாரும் கவனம்" என்று கீழே எழுதினார். கைப்பேசி ஓயாமல் அதிரத் தொடங்கியது. "ஓம் அண்ணை, அச்சாப் புடையன்தான்" என்றார் அருமைராசா. கடைசியாக அவர் புடையனைப் பார்த்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. விளக்கம் அண்ணை சொன்னால் சரிதான் என்றார் மற்றொருவர். பிறகு றெக்ஸ் கேட்டான். அவனுடைய மூன்று வயது மகள் சர்மிளாவின் கார்தெரிக்குத்தான் போய்வந்தாள்.

"அண்ணை, அது எங்காலை வந்தது?"

தேவதாசன் யோசித்தார். கற்கள் வேலியோரம் கிடந்தவை. வேலிக்கு அப்பால் சர்மிளா. அவளுடைய முன்னறையில், பிள்ளைகள் பார்ப்பதற்காக இரண்டு சிறு ஆமைகள் ஒரு கண்ணாடித் தொட்டியில் இருந்ததை முன்பு ஒருநாள் கண்டிருந்தார். விரல்கள் தாமாகவே எழுதின:

"சர்மிளாவின்ரை வேலிப் பக்கத்தாலை. அவ கண்ணாடித் தொட்டியிலை பிராணியள் வளக்கிறவ. புடையன் முட்டை இடாது, குட்டி போடும். ஒரு தாய் முப்பது நாப்பது போடும். மற்றதுகள் அங்கினைக்கைதான் இருக்கும். சின்னப்பிள்ளையள் உள்ள ஆக்கள் கவனம்."

இதில் பொய் எது? வேலி உண்மை. தொட்டி உண்மை. புடையன் குட்டி போடுவதும் உண்மை. மூன்று உண்மைகளையும் கோத்த நூல் பொய். அந்த நூல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஒரு காட்டில் ஒரு பறவை இருந்ததாம். வழி கேட்ட விலங்குகளுக்கெல்லாம் அது மரக்கிளையில் இருந்தபடியே வழி சொல்லுமாம். ஒருநாள் மான் ஒன்று வந்து, "இந்த ஆற்றில் இறங்கலாமா?" என்று கேட்டது. "தாராளமாக இறங்கு, முழங்கால் அளவுதான்" என்றது பறவை. மான் இறங்கியது, கரை ஏறவில்லை. பறவை மானுக்குக் கேடு நினைக்கவில்லை. அது ஒருநாளும் ஆற்றை நடந்து கடந்ததில்லை, அவ்வளவுதான். சிறகு உள்ளவனுக்கு ஆழம் தெரியவேண்டிய தேவை வருவதில்லை.

தேவதாசன் எழுதியது அன்று மதியத்துக்குள் மொன்ட்ரியால்-நோருக்குப் போயிற்று. மாலைக்குள் லவாலுக்கும் போயிற்று. போகிற வழியில் ஒரு புடையன் மூன்றாயிற்று. சர்மிளாவின் வேலி சர்மிளாவின் வீடாயிற்று. வெள்ளிக்கிழமை கார்தெரிக்கு இரண்டு பிள்ளைகளே வந்தன. திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. றெக்ஸின் மனைவி ஜெசிக்கா, கார்தெரிகளை மேற்பார்வை செய்யும் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டாள். விசாரணைக்கு ஆள் வரும் என்று சர்மிளாவுக்குக் கடிதம் வந்தது.

இதற்கிடையில் தேவதாசனின் வீட்டில் திருநாள் போல ஆட்கள் வந்துபோனார்கள். செத்த பாம்பை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் இட்டு அவர் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினார். அவருடைய மனைவி அக்னெஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, என்ரை விளைமீனுக்குப் பக்கத்திலை பாம்பு கிடக்குது. நாளைக்கு நான் குழம்பு வைச்சால் அது என்ன குழம்பெண்டு ஆருக்குத் தெரியும்?"

"சாட்சி வேணுமெல்லே, அக்னெஸ். நாளைக்கு ஆரும் இல்லையெண்டு சொன்னால்?"

"சாட்சியோ? அந்தப் பிள்ளையின்ரை சீவியம் போகுது. அதுக்கு ஆர் சாட்சி?"

தேவதாசன் மூடியை அழுத்தி மூடினார்.

செவ்வாய்க்கிழமை காலை சர்மிளா வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசற்படியில் நின்றாள். பிள்ளைகளின் சோற்றுக்கறை காயாத ஏப்ரனோடு எப்போதும் காணும் அவளை, துப்புரவான உடையில் பார்க்கவே அவருக்கு ஏதோ போல் இருந்தது.

"அண்ணை, என்ரை வீட்டிலை புடையன் கிடக்கெண்டு நீங்கள் கண்டனீங்களோ?"

"வீட்டிலை எண்டு நான் எழுதேல்லை, தங்கச்சி. வேலிப் பக்கத்தாலை எண்டுதான்…"

"வேலிக்கு ரெண்டு பக்கம் இருக்கு, அண்ணை. மற்றப் பக்கம் உங்கடை."

அவர் தொண்டையைச் செருமினார். "பிள்ளையளின்ரை உயிரெல்லே. ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான்…"

"அந்தப் பிள்ளையளுக்கு நான் காலமை ஏழு மணியிலை இருந்து சோறு ஊட்டிறன், பீ கழுவிறன். அதுகளின்ரை உயிரைப் பற்றி என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? உங்கடை படியிலை இருந்து என்ரை படிக்கு இருவது அடி. நூற்றெண்பது பேருக்கு எழுத முதல் அந்த இருவது அடியை நடந்திருக்கலாம்." அவள் குரல் உயரவில்லை. "இந்த மாதம் பிள்ளையள் வராட்டி வீட்டை விடவேணும். பேந்து பழையபடி கோழி வெட்டுற இடத்துக்குத்தான். அந்தக் குளிர் அறையிலை நிண்டு என்ரை கை விறைச்சுப் போனது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் அண்டைக்குச் சொன்னியள், கார்தெரி துவங்கு பிள்ளை எண்டு."

அதுவும் அவர் சொன்ன பதில்தான். ஆயிரம் பதில்களில் சரியாக அமைந்த ஒன்று. அவள் போன பிறகு அவர் நெடுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றார். ஆனாலும் மனத்தின் ஓரத்தில் ஒரு பிடிவாதம் உட்கார்ந்திருந்தது. புடையன் புடையன்தானே? கண்ணால் கண்டேனே?

புதன்கிழமை மதியம் ஸ்நேகா இறங்கி வந்தாள். கையில் கைப்பேசி.

"அங்கிள், அன்னைக்கு எடுத்த போட்டோவை இங்க பாம்பு, தவளையெல்லாம் பதிவு பண்ற ஒரு ஆர்வலர் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். இப்பதான் ஒரு அம்மா பதில் போட்டிருக்காங்க. கியூபெக்ல இயற்கையா வாழற விஷப்பாம்பே இல்லையாம்."

"இயற்கையா இல்லைத்தானே. நான் சொன்னனே, ஆரோ கொண்டுவந்தது."

"அதுக்கும் வழி சொல்லியிருக்காங்க. நம்மளே பாத்து உறுதி பண்ணிக்கலாமாம். அந்த டப்பா இருக்கா?"

அக்னெஸ் சமையலறை மேசையில் பழைய பத்திரிகையை விரித்தார். "இண்டையோடை இது என்ரை பெட்டியை விட்டு வெளிக்கிடவேணும்" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். உறைபனி இளகும்வரை மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள்.

"முதல்ல கண்ணு" என்றாள் ஸ்நேகா. "கண்பாப்பா வட்டமா இருக்கா, கோடு மாதிரி இருக்கான்னு பாக்கணும்."

அதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். புடையனின் கண்ணில் பாப்பா பூனைக்கண் போல் நெடுங்கீறலாக இருக்கும் என்பது தேவதாசனுக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். சித்தப்பாவைத் தீண்டிய பாம்பை அடித்துப் போட்டபோது அருகில் குந்தியிருந்து பார்த்தவர் அவர். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குனிந்தார்.

வட்டம். குண்டூசித் தலை போல் சிறிய, கறுத்த வட்டம்.

அவள் அடுத்ததைப் படிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். புடையனின் தலை மண்வெட்டியின் தகடு போல் அகன்று, கழுத்து மெலிந்திருக்கும். இதன் தலையும் கழுத்தும் ஒரே அகலம். புடையனின் செதில் அரம் போல் சொரசொரக்கும். விரலால் தடவினார், இது மெழுகு பூசியதுபோல் வழுக்கிற்று. பிடரியில், கிளை பிரிந்த சிறு கொப்புப் போல் வெளிறிய அடையாளம் ஒன்று இருந்தது. கரண்டிக் காம்பால் மெல்லப் புரட்டினார். வயிறு முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை. இப்படி ஒரு வயிற்றை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

"வயிறு கட்டம் கட்டமா இருந்தா சந்தேகமே வேண்டாமாம்" என்றாள் ஸ்நேகா மெதுவாக. "பிரெஞ்சுல இதைப் புள்ளிப் பாம்புன்னு சொல்றாங்க. விஷமே கிடையாது. எலி பிடிச்சுத் தின்னும். பயந்தா வாலை ஆட்டி, விஷப்பாம்பு மாதிரி சும்மா மிரட்டுமாம்."

"அதுதானே இந்த வருசம் கொட்டிலுக்குள்ளை எலியைக் காணேல்லை எண்டு சொன்னியள்" என்றார் அக்னெஸ்.

"லாசால் பக்கம் ரொம்ப அரிதாம், அங்கிள். கொல்லக் கூடாத பாம்பாம். 'உயிரோட இருக்கா? இருந்தா அதே கல்லுக்கடியில விட்டுடுங்க'ன்னு எழுதியிருக்காங்க." ஸ்நேகா கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "நான் இன்னும் பதில் போடல."

தேவதாசன் நாற்காலியில் சாய்ந்தார். அவரைச் சுட்டது அறியாமை அல்ல. அறியாமையாக இருந்திருந்தால் ஆறுதல் கொள்ளலாம். புடையனை அடையாளம் காணத் தேவையான எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணைப் பார்க்கத் தெரியும். கழுத்தைப் பார்க்கத் தெரியும். பார்க்கத்தான் இல்லை. பெயரை முதலில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நஞ்சு கக்கத் தெரியாத ஓர் உயிர், தெரிந்ததுபோல் நடித்ததால் செத்தது. அதே நடிப்பைத் தானும் நடித்திருந்தார். செத்தது வேறொருத்தியின் பிழைப்பு.

அன்றே குழுவில் எழுதினார்: "வியாழன் அடிச்சது புடையன் இல்லையாம். நஞ்சில்லாத பாம்பாம். அறியத் தருகிறேன்." ஏழு பேர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். "எதுக்கும் கவனமா இருக்கிறது நல்லது அண்ணை" என்று ஒருவர் எழுதினார். அதன் கீழே யாரோ ஒரு பிறந்தநாள் கேக்கின் படத்தைப் போட்டார்கள். வியாழக்கிழமைச் செய்தி பறந்ததுபோல் இந்தச் செய்தி பறக்கவில்லை. சர்மிளாவின் ஜன்னலில் பாட்டும் கேட்கவில்லை.

"சரி, போட்டிட்டன்" என்றார் அக்னெஸிடம்.

"என்னத்தைப் போட்டியள்? 'இல்லையாம்', 'பாம்பாம்'. ஆரோ செய்த பிழையை ஆரோ திருத்தினமாதிரி இருக்கு. 'நான் பிழையாச் சொன்னன்' எண்டு எழுத விரல் மடங்கேல்லையோ?" அக்னெஸ் கழுவிய கோப்பையைக் கவிழ்த்தார். "ஊர் முழுக்க எரிச்ச நெருப்பை ஒரு கரண்டித் தண்ணியாலை நூக்கேலாது. காலிலை செருப்பைப் போடுங்கோ."

இருபது அடி. வியாழக்கிழமை நடந்திருக்கவேண்டிய அந்த இருபது அடியைத் தேவதாசன் ஆறு நாள் பிந்தி நடந்தார். சர்மிளா கதவைத் திறந்தாள். முன்னறையில் ஆறு சிறு கதிரைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. தொட்டியில் ஆமைகள் இரண்டும் ஒரே கல்லில் ஏறியிருந்தன.

"அது புடையன் இல்லைத் தங்கச்சி. நான் பாக்காமல் சொல்லிப்போட்டன். உனக்குச் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்."

அவள் ஒரு கதிரையைக் காலால் நகர்த்தி ஒழுங்குபடுத்தினாள்.

"என்னட்டைச் சொல்லிறது சுகம், அண்ணை. புடையன் இல்லையெண்டு எனக்கு முதலே தெரியும். பிழையை நம்பினவைக்கெல்லே சொல்லவேணும்? ஆறு வீடு இருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் போய் முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நானும் வாறன். நான் ஒரு சொல்லும் கதைக்கமாட்டன். பக்கத்திலை நிப்பன்."

அறுபத்துமூன்று வயதில், அரைவாசி வயதுப் பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்க, வீடு வீடாகப் போய்த் தன் பிழையைத் தானே சொல்வதென்றால் எளிதன்று. முதல் வீட்டு மணியை அழுத்த அவருடைய விரல் இரண்டுமுறை போய்த் திரும்பியது. இரண்டாம் வீட்டில் ஒரே அழுத்து. மூன்றாம் வீட்டில் உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தார்கள். நான்காம் வீட்டில், மகனை ஏற்கெனவே வேறு கார்தெரியில் சேர்த்துவிட்டதாகச் சொல்லிக் கதவைப் பாதியிலேயே சாத்தினார்கள். ஐந்தாம் வீட்டிலும் அதே பதில். சாத்திய அந்த இரண்டு கதவுகளையும் அவர் சர்மிளாவின் முகத்தில் பார்த்தார்.

கடைசி வீடு றெக்ஸினுடையது. அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டான். கேட்டு முடிந்ததும் சிரித்தான். அது நட்பான சிரிப்பு அல்ல.

"வியாழன் புடையன். புதன் புடையன் இல்லை. வாற வெள்ளி என்ன பாம்பு, விளக்கம் அண்ணை?"

தேவதாசனுக்கு முகம் சிவந்தது. ஒரு வாரத்துக்கு முன்பாக இருந்தால் அதற்கும் ஒரு பதில் எடுத்து வீசியிருப்பார்.

"நீ சொல்லிறது சரி, தம்பி. அண்டைக்கு நீ எங்காலை வந்ததெண்டு கேட்டாய். எனக்குத் தெரியாது. தெரியாதெண்டு எழுத ஒரு சொல்லுத்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல வெக்கப்பட்டு, நான் பத்து வரி எழுதினன். எனக்கு ஒரு மதிப்புக் குறையக் கூடாதெண்டு நினைச்சன். குறைஞ்சது இந்தப் பிள்ளையின்ரை சோறு." அவர் சர்மிளாவைப் பார்க்கவில்லை, றெக்ஸின் கண்ணையே பார்த்தார். "ஒண்டு சொல்லிறன், கேள். தெரியாதெண்டு சொன்னவனாலை ஆருக்கும் கேடு வந்ததில்லை. தெரியாததைத் தெரிஞ்சமாதிரிச் சொல்லிறவன்தான் நஞ்சு. அண்டைக்கு அந்த வேலியடியிலை நஞ்சு இருந்தது உண்மைதான். கல்லுக்குக் கீழை இல்லை; என்ரை கையிலை இருந்தது."

றெக்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. அவனுக்குப் பின்னால் ஜெசிக்கா வந்து நின்றிருந்தாள்.

"அப்பிடிப் பாத்தால் எனக்கும் பங்கிருக்கு, அண்ணை" என்றாள் அவள். "நீங்கள் எழுதினதை நான் வாசிச்ச உடனை முறைப்பாடு போட்டன். ரெண்டு வருசம் என்ரை பிள்ளையை வளத்தவவிட்டை ஒரு போன் எடுத்துக் கேக்கேல்லை." அவள் சர்மிளாவை நோக்கி, "அக்கா, இண்டைக்கே அந்த அலுவலகத்துக்குத் திருப்பி எழுதிறன். பிள்ளை நாளைக்கு வருவாள்" என்றாள்.

சர்மிளா தலையை ஆட்டினாள். சொன்னபடியே ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் படியிறங்கும்போது ஏப்ரன் இல்லாத இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். அது அவளுடைய பழக்கம்.

நான்கு பிள்ளைகள் திரும்பி வந்தன. இரண்டு இடங்கள் வெறுமையாகவே கிடந்தன. ஆறு பிள்ளைகளுக்கென்று கட்டிய பிழைப்பு நான்கில் ஓடாது என்பதைத் தேவதாசன் அறிவார். சொல்லித் திருத்தியதோடு தன் கடன் முடியவில்லை என்பதையும் அறிந்தார். அதிகாரிகள் வந்து வளவைப் பார்த்துவிட்டுக் குறையொன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்துப் போனார்கள். ஸ்நேகா அந்த அம்மாவுக்குப் பதில் எழுதினாள். பாம்பு உயிரோடில்லை என்பதை மறைக்காமல் எழுதச் சொன்னவர் தேவதாசன். கொன்றவர் பெயரையும் எழுதச் சொன்னார்.

ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, புதிதாக லாசாலுக்குக் குடிவந்த இளம் தம்பதியர் அவரைத் தேடி வந்தார்கள். பெண்ணின் தோளில் ஒரு வயதுப் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கணவன் பெயர் இரவிச்சந்திரன்.

"அண்ணை, இஞ்சை நல்ல கார்தெரி எது? எதெண்டாலும் உங்களைக் கேட்கச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லிச்சினம்."

"எனக்குப் பக்கத்திலை ஒண்டு இருக்கு. நடந்து போகலாம். வாங்கோ."

வழியில் அவர் சர்மிளாவைப் புகழவில்லை. புகழ நிறைய இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டார். வேலிப் படலையடியில் வந்ததும் நின்றார். உள்ளே, வெயிலில் பாய்களை உலர்த்திக்கொண்டிருந்த சர்மிளா நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, உள்ளை போகமுதல் ஒண்டு கேளுங்கோ. போன மாதம் இந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பெரிய அநியாயம் செய்தனான். ஊரிலை இன்னும் ஆரும் இந்த வீட்டைப் பற்றிப் பாம்புக் கதை சொன்னால், அது என்ரை வாயாலை வந்த பொய். அதை நானே உங்களுக்குச் சொல்லவேணும்." இரவிச்சந்திரன் திகைத்துப் பார்த்தான். தேவதாசன் கல்லைப் புரட்டியதிலிருந்து தொடங்கி, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், சர்மிளாவின் காதில் விழும்படியாகவே முழுவதையும் சொல்லி முடித்தார். பிறகு படலையின் கொளுக்கியை எடுத்து அவர்களுக்காகத் திறந்து பிடித்தார்.

"இனி என்னைக் கேளாதையுங்கோ. உள்ளை போய் உங்கடை கண்ணாலை பாருங்கோ. பாத்துப்போட்டு முடிவெடுங்கோ."